பெருமாள் காலடியில் வைத்த ரகசிய எண்

சிரஞ்சீவி தேஜஸுக்கு,

மாமல்லபுரத்திலிருந்து சித்தி ஹரிப்ரியா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும் சித்தப்பாவும் தண்ணீர் மோட்டாரும் நலம். நீயும் உன் அம்மாவும், சிறுசேரி பஸ்ஸில் உனக்குக் கிடைக்கும் ஜன்னல் சீட்டும் நலமாக இருக்கப் பெருமாள் அருளட்டும். ஒரு வாரமாக உன் போன் அணைந்தே கிடக்கிறது. குடும்ப வாட்ஸப்பை, காலை வணக்கப் பூக்களுக்குப் பயந்து, நான் திறப்பதில்லை. அதனால்தான் தபால்.

நம் விடுதிக்கு நீ வாங்கித் தந்த ‘கடற்காற்று’ என்ற இணையப் பெயரைத் திருடப் பார்த்தார்கள். பெயரை வேறு கம்பெனிக்கு மாற்றக் கோரிக்கை வந்திருக்கிறது, ஐந்து நாளில் மறுக்காவிட்டால் மாற்றிவிடுவோம் என்று மெயில். நான் பார்த்தது நான்காம் நாள். நாட்டிய விழா சமயத்தில் நான்கு அறைகளும் அந்தப் பெயரை நம்பித்தான் நிரம்புகின்றன. அது போனால் நாங்கள் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான், அதையும் எத்தனை நாள் பார்ப்பது. மாற்றுவதற்கு ரகசிய எண் வேண்டுமே, அது எப்படி வெளியே போனது என்று யோசித்தபோதுதான் பூஜை அறை நினைவுக்கு வந்தது. நீ எழுதித் தந்த தாளைச் சித்தப்பா நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, கல்யாணப் பத்திரிகை மாதிரி, பெருமாள் காலடியில் வைத்திருந்தார். வருகிற விருந்தினர் எல்லாரும் பூஜை அறையைப் படம் எடுத்து உலகத்துக்கே காட்டுகிறார்கள். தேடினேன். ஏழு படங்களில் எண் பளிச்சென்று தெரிந்தது; பெருமாள்தான் கொஞ்சம் மங்கல்.

“அவர் காவல்ல வெச்சேன், அதுல என்ன தப்பு?” என்றார் சித்தப்பா. அறைகளைப் பார்த்துக்கொள்ளும் வேண்டா, “யக்கா, போர்டு வாசல்லியே கீது. பேர எவன் தூக்கினு பூடுவான்?” என்றாள். விளக்கினேன். புரிந்ததும் என்னைவிட அவளுக்குக் கோபம். அப்போது பார்த்து ஒரு புது எண்ணிலிருந்து போன். நான் ‘மறுக்கிறேன்’ என்பதை அமுக்கிக்கொண்டிருந்ததால் அவள் எடுத்தாள். ரொம்பக் குழைவாக, மெயில் வந்ததா, சரி என்று அமுக்குங்கள் என்றானாம். “இன்னாடா, திருடறதுக்கு போன் போட்டு வேற கேக்கறியா? ஒன்ன பெத்தவ சோறு போட்டு வளத்தாளா, கன்னக்கோல் குட்து வளத்தாளா?” என்று ஆரம்பித்தவள், நான்கு நிமிடம் அவன் தாயாரை விட்டு நகரவில்லை. அப்புறம் அவன் கூப்பிடவே இல்லை.

உடனே ரகசிய எண்ணை மாற்றினேன், பெயரைப் பதிந்து வைத்திருக்கும் கம்பெனியிடம் அது நகராதபடி பூட்டச் சொன்னேன். அந்தக் கணக்குக்குப் புதுக் கடவுச்சொல்லை வேண்டாவையே வைக்கச் சொன்னேன்; நமக்குத் தெரிந்தால் சித்தப்பா மஞ்சள் தடவிவிடுவார். பி.எஸ்ஸி. படித்து என்ன சாதித்தோம் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. அன்று நினைக்கவில்லை. சித்தப்பா போட்ட காபிகூட நன்றாக இருந்தது.

வேளைக்குச் சாப்பிடு. தீர்க்காயுசாக இரு. அக்காவுக்கு என் நமஸ்காரம்.

அன்புடன்,
சித்தி

பின்குறிப்பு: உன் முகவரியைச் சரிபார்க்க வாட்ஸப்பைத் திறந்தேன். பூக்களுக்கு நடுவே, பத்து நாளுக்கு முன், நீ: ‘சித்தி, நம்ம பேரை வேற கம்பெனிக்கு மாத்துறேன், பழசு சரியில்ல. மெயில் வரும், சரின்னு அமுக்குங்க. இதான் என் புது நம்பர்.’ ஆக, வேண்டா நான்கு நிமிடம் பேசியது என் சொந்த அக்காவைப் பற்றி. உன் அம்மாவிடம் சொல்லிவிடாதே. பூட்டைத் திறக்கலாம் என்று வேண்டாவிடம் கடவுச்சொல்லைக் கேட்டேன். “யாரு கேட்டாலும் குடுக்காதன்னு நீதான சொன்ன” என்கிறாள். பெயர் மிகவும் பத்திரமாக இருக்கிறது.