எலி கேட்டார்கள், பிரியாணி போட்டோம்

“இவ படிச்சுட்டு வந்தப்புறம் நம்ம வீட்டுச் சோத்தத் திம்பான்னா நெனக்கிற?”

நான் கும்பகோணத்துக் கல்லூரிக்குப் பெட்டி கட்டிய காலையில், அத்தை என் அம்மாவிடம் கேட்ட கேள்வி இது. அத்தை என்றால் அப்பாவின் அக்கா. அடுத்த வீடு, அடுத்த வயல். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாகப் பார்த்த முதல் ஆள் நான். (எனக்கு முன்னால் பார்த்தவர் அப்பா. அதற்கு வெள்ளையடித்தார்.)

“ஏன் திங்க மாட்டேன்? எலியே திம்பேன் அத்தே!” என்று ஜன்னல் வழியாகக் கத்திவிட்டுத்தான் பஸ்ஸில் உட்கார்ந்தேன். வீராப்புக்காகச் சொன்னதல்ல. குடவாசல் பக்கத்தில் இருக்கும் எங்கள் தெருவில், அறுப்பு முடிந்ததும் வரப்பு ஓரமாக எலி பிடிப்பார்கள். நெல்லைத் தவிர வேறெதையும் சீந்தாத வயல் எலி. வைக்கோல் நெருப்பில் வாட்டி, சுத்தம் செய்து, மஞ்சளும் மிளகும் சின்ன வெங்காயமும் போட்டு அம்மா வறுத்தால், அத்தை சோற்றுப் பானையோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். மழைக் காலமென்றால் வயல் நண்டு ரசம். எல்லோரும் தரையில் வட்டமாக உட்கார்ந்து, நடுவில் சட்டியை வைத்து, யார் விரல் யாருடையது என்று தெரியாமல் சாப்பிடுவோம்.

முதல் விடுமுறைக்கு வந்தபோது அந்த வட்டத்தில் எனக்கு இடம் இல்லை. நடு வீட்டில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தது. பூப்போட்ட புதுத் தட்டு. தட்டில் பிராய்லர் கோழி.

“நண்டு ரசம் வாசனை வருதேம்மா?”

“அது எங்களுக்கு. நீ படிக்கிற புள்ள, ஒனக்கு எதுக்கு இந்தக் கருமம்?”

அவர்கள் அடுப்படியில் சிரித்துப் பேசிச் சாப்பிட, நான் மறுவீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி தனியாக உட்கார்ந்து கோழியைக் கடித்தேன். மூன்று வருடமும் அப்படித்தான். கேட்டேன், கெஞ்சினேன், ஒரு முறை சட்டியை எட்டிக்கூடப் பார்த்தேன். அம்மா மூடியைப் போட்டுவிட்டாள்.

பிறகு சென்னையில் வேலை கிடைத்தது. தொலைக்காட்சிகளுக்கு நிகழ்ச்சி தயாரித்துக் கொடுக்கும் ஒரு கம்பெனி. ஆறு மாதம் தற்காலிகம். பிடித்திருந்தால் நிரந்தரம் என்றார்கள். விசித்திரமான குடும்பங்களைத் தேடிப் பிடித்து, அவர்களோடு ஒருநாள் இருந்து காட்டுகிற ரியாலிட்டி ஷோ. கரண்ட் இல்லாமல் வாழும் குடும்பம், பச்சைக் காய்கறியை மட்டும் தின்னும் குடும்பம், எட்டுப் பேரும் மரத்து மேல் தூங்கும் குடும்பம் என்று பட்டியல் போட்டார்கள். என் வேலை, போன் போட்டு, அவர்கள் நிஜமாகவே மரத்தில் தூங்குகிறார்களா என்று விசாரிப்பது. (முக்கால்வாசிப் பேர் கேமரா வரும் அன்றைக்கு மட்டும் ஏறுவார்கள்.)

ஐந்தாம் மாதம் ஒரு மீட்டிங். டைரக்டர் மேஜையைத் தட்டினார். “சாப்பாட்டுல ஒரு குடும்பம் வேணும். ஜனங்க டிவி முன்னாடி உக்காந்து ‘உவ்வே’ன்னு கத்தணும். யாருகிட்டயாவது இருக்கா?”

அன்று காலையில் ஹாஸ்டலில் உப்புமா போட்டிருந்தார்கள். நாலு நாளாக அதேதான். அந்த ஏக்கத்திலோ என்னவோ, நான் வாயைத் திறந்துவிட்டேன். வைக்கோல் புகை, மிளகு வாசனை, அத்தையின் பானை என்று சொல்லச் சொல்ல எனக்கே எச்சில் ஊறியது.

“இது உங்க வீட்லயா?” என்றார் டைரக்டர்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிரந்தர வேலை கண்ணுக்கு முன்னால் வந்து ஆடியது.

“ஆமா சார். மூணு வேளையும் எலிதான்.”

“மூணு வேளையுமா?”

“காலையில மட்டும் கொஞ்சம் லைட்டா, சார்.”

இதைச் சொன்னவள் பல்கலைக்கழகத்தில் ரேங்க் வாங்கியவள் என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டியிருக்கிறது.

உடனே தேதி குறித்தார்கள். அம்மாவுக்குப் போன் போட்டேன். “ஆபீஸ்ல இருந்து எட்டுப் பேரு வர்றாங்கம்மா. நம்ம வீட்ல எலி சாப்பிடுறதப் படம் புடிக்கப் போறாங்க. எப்பவும் போல இருங்க, போதும்.”

“உம்” என்றாள் அம்மா. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஆவணியில் ஒரு காலை வேன் எங்கள் தெருவுக்குள் திரும்பியது. வாசலில் ஷாமியானா. இரண்டு பக்கமும் வாழை மரம். அப்பா வெள்ளைச் சட்டையில், கழுத்துப் பட்டன் வரை போட்டு, மூச்சு விடச் சிரமப்பட்டபடி நின்றார். அம்மா கல்யாணப் பட்டில். கொல்லையில் குடவாசலில் இருந்து வரவழைத்த சமையல்காரர் ஆளுயர அண்டாவைக் கிண்டிக்கொண்டிருந்தார். தெரு முழுக்க மட்டன் பிரியாணி வாசனை.

“செல்வி, வீட்ல யாருக்காவது கல்யாணமா?” என்றார் டைரக்டர்.

“இல்ல சார், எப்பவும்...” என்று ஆரம்பித்தேன். எப்பவும் போலத்தான் செய்திருந்தார்கள். எங்கள் வீட்டில் விருந்தாளி வந்தால் எப்பவும் இதுதான். கைநனைக்க வந்தவர்களுக்கு எலியைப் போடுவதா?

மைக்கை மாட்டி, விளக்கைப் போட்டு, அம்மாவை உட்கார வைத்தார்கள். டைரக்டரே கேட்டார்.

“அம்மா, நீங்க மூணு வேளையும் எலி சாப்பிடுவீங்களாமே?”

அம்மா கேமராவை நேராகப் பார்த்தாள். “எலியா? ஐயய்யோ, நாங்க அதெல்லாம் கையால தொடுறதே இல்லைங்க சார். இந்தப் புள்ளைக்குச் சின்னதுல இருந்தே வெளயாட்டுப் பேச்சு.”

“அம்மா, பொய் சொல்லாதம்மா!” என்றேன். அதுவும் பதிவாகிக்கொண்டிருந்தது.

“நீ சும்மா இரு. சார், லெக் பீஸ் வைக்கட்டுங்களா?”

அப்பாவிடம் கேட்டார்கள். அப்பா பட்டனைத் தடவிக்கொண்டே, “நாங்க பெரும்பாலும் பிரியாணிதாங்க” என்றார். (எங்கள் வீட்டில் பிரியாணி செய்து அப்போது நாலு வருடம் ஆகியிருந்தது.) கடைசி நம்பிக்கையாக அத்தையைப் பிடித்து இழுத்து வந்தேன். எலிக் காலுக்காக என் அப்பாவோடு சண்டை போட்டு ஒரு வாரம் பேசாமல் இருந்தவள் அவள். மைக்கைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, “எலின்னா கம்ப்யூட்டர்ல இருக்குமே, அதா?” என்றாள்.

டைரக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். நிரந்தர வேலை நடையைக் கட்டுவது என் கண்ணுக்குத் தெரிந்தது.

“சார், அஞ்சு நிமிஷம். நானே புடிச்சுக் காட்டுறேன்” என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்கு ஓடினேன். கேமராவும் பின்னால் ஓடிவந்தது.

எலி பிடிப்பதை நான் ஆயிரம் முறை பார்த்திருக்கிறேன். பிடித்ததில்லை; ‘நீ போய்ப் படி’ என்று துரத்திவிடுவார்கள். வளை எங்கே இருக்கும் என்று தெரியும். வெட்டினால் வரும் என்பதும் தெரியும். அறுப்பு முடிந்து காய்ந்த வயலில்தான் வெட்டுவார்கள் என்பது மட்டும் பாடத்திட்டத்தில் இல்லை. அன்று குறுவைப் பயிர் பச்சையாக நின்றது. வயல் நிறையத் தண்ணீர். நான் வெட்டியது, அந்தத் தண்ணீரைத் தாங்கிக்கொண்டிருந்த வரப்பை. வரப்புக்கு அந்தப் பக்கம் பள்ளத்தில், முந்தின நாள்தான் முளைகட்டிய விதையைத் தெளித்திருந்த அத்தையின் நாற்றங்கால்.

நாலாவது வெட்டில் வளை தெரிந்தது. ஐந்தாவது வெட்டில் வரப்பு போயிற்று. அதன்மேல் நின்றிருந்த நானும் போனேன். தண்ணீர் என்னைத் தூக்கிக்கொண்டு நாற்றங்காலுக்குள் இறக்கி, அத்தையின் சம்பா விதை மொத்தத்தையும் மூலைக்கு வாரித் தள்ளியது. கேமராமேன் ஒரு காலைச் சேற்றில் விட்டு, எடுக்க முடியாமல், கொக்கு மாதிரி நின்று படம் பிடித்தார். எலி ஒன்று வந்தது. எங்கள் எல்லோரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, எதிர் வரப்பில் ஏறிப் போய்விட்டது.

“அடியே! பட்டம் வாங்குனவளே! தண்ணி நிக்கையில வரப்ப வெட்டுறவ உண்டாடி ஒலகத்துல!” என்ற அத்தையின் குரல் மெயின்ரோட்டுக்கே கேட்டிருக்கும்.

டைரக்டர் நல்ல மனிதர். இரண்டு தட்டுப் பிரியாணி சாப்பிட்டு முடித்த பிறகுதான், “நீங்க சென்னைக்கு வர வேண்டாம்மா, பெட்டியை அனுப்பி வைக்கிறோம்” என்றார். அம்மா எட்டுப் பேருக்கும் வெற்றிலை பாக்கு வைத்து வழியனுப்பினாள்.

வேன் போனதும் அம்மா பட்டுச்சேலையை அவிழ்த்துவிட்டுப் பழைய புடவையோடு வயலுக்கு வந்தாள். நாலு பேரும் வைக்கோலும் களிமண்ணும் வைத்து உடைப்பை அடைத்தோம். நான்தான் பேச்சை ஆரம்பித்தேன்.

“ஏம்மா அப்படிச் சொன்ன? என் வேலையே போச்சு.”

அம்மா மண்ணை மிதித்துக்கொண்டே சொன்னாள். “அந்தாளு மூஞ்சியப் பாத்தேன். ‘எலி’ன்னு கேக்கறப்பவே மூக்கைச் சுருக்குறான். ஒன்னையும் நாளைக்கு அப்படித்தானே பாப்பான்?”

ஜனங்கள் ‘உவ்வே’ என்று கத்த வேண்டும் என டைரக்டர் மேஜையைத் தட்டியபோது தலையாட்டியவள் நான். அம்மாவுக்கு எழுத்துக்கூட்டவும் தெரியாது. அவள் ஒரு நிமிடத்தில் படித்ததை ஐந்து மாதமாக நான் படிக்கவில்லை.

“நான் மூக்கைச் சுருக்கலையேம்மா. மூணு வருசமா எனக்கும் கொடுக்கச் சொல்லித்தானே கேக்குறேன்.”

அம்மா உடைப்பிலிருந்து வெளியேறி ஓடிய நண்டுகளை ஒவ்வொன்றாகப் பிடித்து, கொடுக்கை ஒடித்து, மடியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

பொழுது சாயும் நேரத்துக்கு ரசம் கொதித்தது. நான் சேற்றைக் கழுவிவிட்டு வந்து பழக்கத்தில் நாற்காலியைப் பார்த்தேன். அதன்மேல் அப்பாவின் வெள்ளைச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. அடுப்படியில் மூன்று பேரும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். அத்தை என்னைப் பார்க்காமலேயே, கொஞ்சம் நகர்ந்தாள்.

“ஒக்காரு. தின்னுட்டுத் தெம்பா இரு. நாளைக்கு மறுவெதை விடுறேன், மொளைக்கிற வரைக்கும் காக்கா ஓட்டப் போறது நீதான்.”

எட்டு நாள் காக்கா ஓட்டினேன். எட்டு நாளும் வட்டத்தில் சாப்பிட்டேன். அந்த எட்டு நாளைத்தான் இப்போதும் சென்னையில் பசிக்கும்போது நினைத்துக்கொள்கிறேன்.

நான் வரப்போடு விழுந்ததை மட்டும் விளம்பரத்தில் மூன்று விநாடி காட்டினார்கள். தெருவே பார்த்தது. இப்போது வேறொரு கம்பெனியில் எழுத்து வேலை, நிரந்தரம். ஊரில் யார் வீட்டுக்கு விருந்தாளி வருவதாகப் போன் வந்தாலும், கேட்கிற முதல் கேள்வி மாறிவிட்டது: “வர்றது ஆளா, கேமராவா?” ஆள் என்றால் நண்டு. கேமரா என்றால் பிரியாணி.

நேற்று முன்தினம் அத்தை கூப்பிட்டாள். “அறுப்பு முடிஞ்சிருச்சு. வர்றது ஆளா, கேமராவா?”

“ஆளுதான் அத்தே.”

“அப்ப மண்வெட்டியத் தொடாம வா.”

இதைக் கும்பகோணம் தாண்டி, குடவாசல் பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன். மடியில் ஒரு காலித் தூக்குச்சட்டி. திங்கட்கிழமை மத்தியானம் ஆபீஸில் அதைத் திறக்கப் போவதாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். ருசி பார்க்க ஆறு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். மூக்கைச் சுருக்குகிறவர்களுக்கு உப்புமா.