சொல்லாமல் வீடு மாறிய பனியாறு

கிரூன் ஊராட்சிக்குச் சொந்தமாக ஒரு பனியாறு இருந்தது. ஊராட்சியின் சொத்துப் பட்டியலில், இரண்டு தீயணைப்பு வண்டிகளுக்கும் ஒரு பாலாடைக்கட்டிக் கிடங்குக்கும் நடுவே, அது முறைப்படி இடம்பெற்றிருந்தது. சுவிட்சர்லாந்தில் பட்டியலில் இருக்கும் பொருள் மலையிலும் இருந்தே தீரும்.

அதைப் பார்க்க உர்சினாவும் கணவர் லினார்டும் ஜூலையில் கேம்பர் வேனில் வந்தார்கள். உர்சினா ஒரு நகரத்தின் குடிப்பதிவு அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். வீடு மாறுகிற எவரும் பழைய ஊரில் பெயரை நீக்கி, பதினாலு நாளுக்குள் புது ஊரில் பதிந்தாக வேண்டும். பதினைந்தாம் நாள் வந்தவர்களை அவர் எப்படிப் பார்ப்பார் என்பது அந்த நகரத்துக்கே தெரியும்.

லினார்ட் குளிர்பெட்டி பழுதுபார்ப்பவர். வாழ்நாளெல்லாம் மெஷின் செய்த ஐஸைத்தான் தொட்டிருக்கிறார். அடுத்த வாரம் முழங்காலில் அறுவை சிகிச்சை. அதன்பின் மலையேற்றம் கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அதற்குள் மலை செய்த ஐஸை ஒரே ஒரு தடவை தொட்டுவிட வேண்டும் என்பது அவர் ஆசை.

வாகன நிறுத்தத்தில் நாற்பது கேம்பர் வேன்கள் நின்றன. பனி உருகுவதைப் பற்றி அவரவர் வேனுக்குள் வருந்திக்கொண்டிருந்தார்கள். உள்ளே குளிர வேண்டுமே, இன்ஜினை யாரும் அணைக்கவில்லை.

மலைப்பாதையில் வழிகாட்டும் மஞ்சள் பலகை 'பனியாறு, ஒரு மணி பத்து நிமிடம்' என்றது. மஞ்சள் பலகையைச் சந்தேகிக்கிற வழக்கம் அந்த நாட்டில் கிடையாது. இருவரும் சரியாக ஒரு மணி பத்து நிமிடம் நடந்தார்கள். நடந்து முடித்த இடத்தில் கற்களும், ஒரு குடிசையும், பனியாற்று அலுவலர் காடுஃப்பும் இருந்தார்கள்.

"பனியாறு எங்கங்க?" என்றார் லினார்ட்.

"முன்னாலதான சார் இருக்கு."

"இது கல்லு."

"பாக்குறதுக்கு அப்படித்தான் தெரியும். பதிவேட்டுப்படி பனி. கயிறு கட்டாம கால் வைக்கக் கூடாது."

லினார்ட் மனைவியைப் பார்த்தார். உர்சினாவுக்கோ காடுஃப்பைப் பிடித்துப்போய்விட்டது. பதிவேட்டை மதிக்கிற மனிதரைப் பார்த்து வெகுநாளாயிற்று. மூவரும் இடுப்பில் கயிறு கட்டி, காலணியில் இரும்பு முள் மாட்டி, கொளுத்துகிற வெயிலில் கற்கள்மேல் கிறீச்சிட்டுக்கொண்டு நடந்தார்கள். நடுவில் காடுஃப் வரைபடத்தைப் பார்த்து, எட்டடி அகலத்தில் ஒரு பனிப்பிளவு இருப்பதாக எச்சரித்தார். பிளவின் நடுவில் ஓர் ஆடு நின்று மேய்ந்துகொண்டிருந்தது. சுற்றிப் போகலாமே என்றார் லினார்ட். வரைபடத்தில் சுற்றுவழி இல்லை. ஆகவே தாண்டினார். முழங்கால் கடக்கென்றது.

இரண்டு மணி நேரம் கழித்து ஓர் எல்லைக்கல் வந்தது. அதற்கப்பால் இருநூறு அடி தூரத்தில், நீலம் பாய்ந்து, சொட்டிக்கொண்டு, நிஜமான ஐஸ் கிடந்தது. லினார்டுக்கு வலி மறந்துபோயிற்று.

"அங்க போக முடியாது சார். அது சால்வா ஊராட்சி. அவங்களுக்குப் பனியாறே கிடையாது."

"அப்ப அது என்னவாம்?"

"அகற்றப்படாத பனி. அள்ளி முடிக்கிற வரைக்கும் பொதுமக்கள் கால் வைக்கக் கூடாதுன்னு அவங்க விதி. போன மாசம் மண்வெட்டியோட ஒருத்தர் வந்தார். பாத்துட்டுப் போயிட்டார்."

உர்சினாவுக்கு விஷயம் பளிச்சென்று புரிந்தது. பனியாறு உருகிப் பின்வாங்கி, சொல்லாமல் கொள்ளாமல் வீடு மாறியிருக்கிறது. எத்தனை நாளாக என்று கேட்டார். காடுஃப் தலை குனிந்து, பதினேழு வருஷம் என்றார்.

எல்லைக்கல்லையே மேஜையாக்கி, பையில் எப்போதும் வைத்திருக்கும் இடமாற்றப் படிவம் ஒன்றை உர்சினா நிரப்பினார். பெயர், பனியாறு. மதம், இல்லை. திருமண நிலை, தனி. வெளியேறக் காரணம், வெப்பம். காடுஃப் கையெழுத்திட்டார். பனியாறு ஊரைவிட்டுப் போய்விட்டபடியால் கயிற்றையும் அவிழ்த்துவிட்டார்.

"நான் ஓடிப்போய் ஒரு தடவை தொட்டுட்டு வந்துடறேன்," என்றார் லினார்ட். "ரெண்டே நிமிஷம்."

"அங்க பதிவாகட்டும், லினார்ட். இப்ப அதுக்கு விலாசமே இல்ல. விலாசம் இல்லாத ஒண்ணை எப்படிப் போய்ப் பாக்கறது?"

"அடுத்த வாரம் எனக்குக் கால் இருக்காது, உர்சினா."

உர்சினாவுக்கு மனசு வலித்தது. ஆனாலும் விதி விதிதானே. பாலாடைக்கட்டி ரொட்டியைத் தின்றுவிட்டு இறங்கினார்கள்.

சால்வாவுக்கு அனுப்பிய படிவத்துக்குப் பதில் வர ஒரு மாதமாயிற்று. விண்ணப்பதாரர் அலுவலகத்துக்கு நேரில் வந்து அடையாளத்தை மெய்ப்பிக்க வேண்டும் என்றது கடிதம். உர்சினா அதில் பிழை தேடினார். ஒன்றும் இல்லை. அவரே இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பார்.

ஆகஸ்டில், அந்த வருஷத்திலேயே மிகச் சூடான வாரத்தில், மறுபடி வேனைக் கிளப்பினார்கள். லினார்டுக்கு இப்போது இரண்டு ஊன்றுகோல். சால்வா அலுவலகத்தில் இவர்கள் முறை வந்தபோது பின்னால் பதினொரு பேர் வரிசையில் நின்றார்கள். லினார்ட் நாற்காலியில் உட்கார, உர்சினா மூன்று பிரதிகளோடு முன்னால் போனார்.

"நேர்ல வராம பதிய முடியாதுங்க," என்றார் அலுவலர் பிளாந்தா அம்மாள். "அது எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் சரி."

அப்போதுதான் கதவு திறந்துகொண்டது. மலையிலிருந்து சாம்பல் நிறத் தண்ணீர், அரைபட்ட கல்தூளும் பனிக்கட்டிச் சில்லுகளுமாக உள்ளே வந்து, வரிசையைத் தாண்டி நேராக அலுவலர் முன்னால் போய் நின்றது. எல்லோருக்கும் கணுக்கால் நனைந்தது.

பிளாந்தா அம்மாள் குனிந்து அதைப் பார்த்தார். பிறகு படிவத்தில் 'நேரில் வந்தார்' என்று முத்திரை குத்தினார்.

"எத்தனை நாள் தங்குறதா உத்தேசம்?" என்று கேட்டார்.

லினார்ட் ஊன்றுகோலைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கைகளையும் தண்ணீருக்குள் விட்டார். அவர் முகம் மலர்ந்தது.

"உர்சினா, அதேதான். சில்லுன்னு இருக்கு. நீயும் வந்து தொடு, போயிடப்போகுது."

தொட வேண்டும் என்று உர்சினாவுக்கு உண்மையாகவே ஆசை வந்தது. ஆனால் மூன்று பிரதிகளும் நனையாதபடி இரண்டு கைகளாலும் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருந்தார். ஒரு நிமிஷம் யாராவது இதைப் பிடித்துக்கொள்ள மாட்டார்களா என்று திரும்பிப் பார்த்தார். வரிசையில் பதினொரு பேரும் தத்தம் படிவங்களைத் தலைக்குமேல் தூக்கியபடி நின்றிருந்தார்கள்.