கட்டில் கம்பியில் ஒரு சேதி

"தட்டறாருங்க!" என்று காசியம்மாள் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

பக்கவாதம் வந்து மூன்று நாளாகப் பேச்சில்லாமல் கிடந்த அவள் கணவர் சந்திரமோகனின் இடது கை விரல், கட்டில் கம்பியைத் தட்டிக்கொண்டிருந்தது. வீட்டிலிருந்தே வானலையில் பேசிக்கொள்ளும் ஹாம் ரேடியோ நண்பர்கள் இருவர் அவரைப் பார்க்க வந்து ஒரு மணி நேரமாகிறது. கட்டிலை ஒட்டி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்த கதிரவன் நிமிர்ந்தார்.

"மோர்ஸ்! தந்தி பாஷைல தட்டறாரு! இதுக்குத்தான் லைசென்சுக்கு மோர்ஸ் பரீட்சை வேணுங்கறேன். ஒனக்கு ஏதாச்சும் வெளங்குதா வீரமணி?"

வீரமணி அந்தப் பரீட்சை இல்லாத லைசென்ஸ் வாங்கியவன். "அதுக்கெல்லாம் ஆப் இருக்குதுங்ணா" என்று செல்போனைக் கம்பியருகே பிடித்தான். "ஈ, ஈ, டி, ஈன்னு வருது."

"பரீட்சை எழுதாத போனு அப்படித்தான் படிக்கும்."

கதிரவன் கண்ணை மூடிக்கொண்டார். "கே... ஏ... எஸ்... காசி! உங்களத்தான் கூப்பிடறாருங்க அக்கா."

காசியம்மாள் கட்டிலருகே நெருங்கி நின்றாள். முப்பத்திரண்டு வருஷமாக மாடியறையில் ஜப்பான்காரனோடும் ருஷ்யாக்காரனோடும் பேசியவர், கீழே இறங்கினால் 'சோறு' என்பதோடு சரி. தன் பேரைக் கடைசியாக எப்போது சொன்னார்? நினைவில்லை. இப்போதாவது சொன்னாரே. இதுவே கடைசியாக இருந்தாலும் போதும் என்று தோன்றியதும், அவளுக்குத் தன்மேலேயே பயம் வந்தது.

"என்ன வேணும்னு கேளுங்க."

கதிரவன் சந்திரமோகனின் புறங்கையில் தட்டிக் கேட்டார். விரல் வேகமெடுத்தது.

"தண்ணி கேக்கறாரு."

ஸ்பூனால் கொடுக்கலாம் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். ஒரு டம்ளர் உள்ளே போனது. விரல் இன்னும் வேகமாக அடித்தது.

"பத்தலீங்களாம்."

இளநீரும் போனது. சந்திரமோகனின் நெற்றி வியர்த்தது. கண்ணோரம் நீர் வழிந்தது.

"அழறாருங்ணா" என்றான் வீரமணி, போனைத் தாழ்த்தி. "நான் ஒத்துக்கறேன். பரீட்சை வேணுந்தான்."

"நிமிசத்துக்கு எட்டு வார்த்தை அடிச்சாலே பாஸு. இவரு பதினஞ்சுல அடிக்கறாரு!" கதிரவன் பெருமையோடு நாற்காலியில் முன்னால் சாய்ந்தார்.

காசியம்மாள் கணவரின் காதருகே குனிந்தாள். "இங்கதான் இருக்கறனுங்க. நீங்க சொல்றதெல்லாம் கேக்குது."

விரல் கம்பியை விட்டு விலகி, நடுங்கியபடி தரையை நோக்கி வளைந்தது.

மாப் போட வந்த பெரியம்மாள் கட்டிலுக்கடியில் குனிந்தவள், நிமிராமலே சொன்னாள்:

"எந்திரிங்க சார். உங்க நாற்காலிக் காலு அவரு மூத்திர டியூப் மேல நிக்குது."