ஒரே ஒரு பச்சைப் புள்ளி

பச்சைப் புள்ளி எரியவில்லை.

மைக் சார் போனைத் துடைத்துப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார். போனை அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டும் பார்த்தார். ம்ஹூம். புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம்தான் இருந்தது.

"என்னம்மா ஆச்சு உனக்கு?" என்று போனைக் கேட்டார். உடம்பு சரியில்லையோ என்னவோ.

நீங்கள் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டுப் போங்கள். தனியாக இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், ஒரு புள்ளிக்கு எவ்வளவு மதிப்பு என்று.

மைக் சார் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவர். அவர் வாயைத் திறந்தால் ஆயிரம் பேர் பெட்டி படுக்கையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். ஒருநாள் அவருடைய குரலுக்குப் பதிலாக ஒரு கம்ப்யூட்டர் குரலைப் போட்டுவிட்டு, அவருக்கு ஒரு மாலையையும் கை ஒலிபெருக்கி ஒன்றையும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வீட்டில் மனைவி இருந்தவரை கவலையில்லை. "கவனிக்கவும். அடுப்பில் இருக்கும் பால் இன்னும் சற்று நேரத்தில் பொங்கும்" என்று அறிவிப்பார். அந்த அம்மா சிரித்துக்கொண்டே ஓடிப்போய் இறக்குவாள். இப்போதும் அறிவிக்கத்தான் செய்கிறார். பால் பொங்கி அடுப்பில் வழிகிறது, அவ்வளவுதான்.

இந்தச் சமயத்தில்தான் ஏணிக்காரர் வந்தார். 'நம்ம வலை' என்று ஒரு சங்கத்தின் ஆள். எங்கே போனாலும் தோளில் ஒரு ஏணி.

"கம்பெனி கிடையாது சார், முதலாளி கிடையாது" என்றார். "அவங்கவங்க வீட்டு ஜன்னல்ல அவங்கவங்க வைஃபை பெட்டி. நீங்க உங்க இன்டர்நெட்டை நாலு பேருக்குக் குடுக்கறீங்க, வெளியே போனா நாலு பேரு உங்களுக்குக் குடுக்கறாங்க. எல்லாப் பெட்டிக்கும் ஒரே பேருதான். எது பலமா கிடைக்குதோ அதை உங்க போனே புடிச்சுக்கும்."

"நான் எங்கய்யா வெளியே போறேன்? எனக்கு என்ன லாபம்?"

"உங்க பெட்டிக்கு ஆள் வந்தா உங்க போன்ல இங்க பச்சைப் புள்ளி எரியும். உங்க போனே உங்க பெட்டியைப் புடிச்சா கணக்குல சேராது. அடுத்த ஆள் வந்தாத்தான் எரியும்."

"யாரு வந்தாங்கன்னு பேரு தெரியுமா?"

"அது தெரியாது சார். தெரியவும் கூடாது. ஆனா ஒண்ணு. சங்கத்துல பெட்டிக்குப் பஞ்சம். ஆளே வராத பெட்டியை எடுத்து வேற தெருவுக்குக் குடுத்துருவோம்."

மகள் போனில் திட்டினாள். "உங்களுக்கு எதுக்குப்பா இதெல்லாம்?"

"வீட்டுக்கு யாராவது வந்து போற மாதிரி இருக்கும்மா" என்றார். மகள், சாப்பிட்டீர்களா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

பெட்டி முன்பக்கத்து பால்கனியில் ஏறியது. மைக் சாரின் சாய்வு நாற்காலி பின்னறையில். அதில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் விடிந்ததும் விடியாததுமாகப் புள்ளி எரிந்தது. மனுஷன் எழுந்து நின்றுவிட்டார்.

அதற்கு அடுத்த நாளும் வந்தது. தினமும் வந்தது. ஒரே ஒரு புள்ளிதான், ஆனால் கடிகாரம் தோற்றது. இவ்வளவு காலையில் எழுந்திருப்பது யாராக இருக்கும்? நர்ஸ் படிப்புப் படிக்கிற பெண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார். ஏழைப் பெண். படிப்புக்கு இவர் பெட்டியைத்தான் நம்பியிருக்கிறாள். புள்ளி எரிந்தால் "குட்மார்னிங்மா" என்பார். அணைந்தால் "பாத்துப் போம்மா" என்பார். அவள் படிப்பு கெடக்கூடாது என்று டிவி சத்தத்தைக்கூடக் குறைத்தார்.

ஒரே ஒரு குறை. புள்ளி எரிகிற அந்த நல்ல நேரம் பார்த்துத்தான் மேல் வீட்டு ஊசி மேடம் தன் பால்கனியில் நாற்காலியைக் 'கர்ர்ர்' என்று இழுப்பார். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்தியே ஓய்வு பெற்றவர். கட்டடத்தில் பாதிப் பேர் அவரிடம் குத்து வாங்கியவர்கள், அதனால் அவரைப் பார்த்தாலே முழங்கையை மறைத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். அவர் வீட்டிலும், மைக் சாரின் பின்னறைக்கு நேர் மேலே இருக்கிற சமையலறை ஜன்னலில், ஒரு பெட்டி இருந்தது. ஏணிக்காரர் இவரை மடக்கிய அன்றே அவரையும் மடக்கியிருந்தார்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மைக் சார் சும்மா இருந்திருக்கலாம். சும்மா இருப்பதைவிடக் கஷ்டமான வேலை உலகத்தில் உண்டா? படிக்கிற பெண்ணுக்கு இன்னும் வேகமாகக் கிடைக்கட்டுமே என்று, கடைக்குப் போய்ப் பெட்டிக்கு நீளமான ஆன்டெனாக் கொம்புகள் இரண்டு வாங்கி மாட்டினார். இப்போது பெட்டியின் வீச்சு வீடு முழுக்க, பின்னறை வரைக்கும் பாய்ந்தது.

அது நான்கைந்து நாளைக்கு முன்பு. இன்றைக்குப் புள்ளியைக் காணவில்லை.

பால்கனிக்குப் போய் எட்டிப் பார்த்தார். தெருவில் ஒன்றுமில்லை. மேலே பார்த்தார். அடப்பாவி! ஊசி மேடத்தின் பெட்டி சமையலறையிலிருந்து முன்பக்கத்துக்கு வந்து, திரைச்சீலைக் கம்பியின் நுனியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கும் கொம்புகள். இவருடையதைவிட ஒரு சாண் நீளம்.

படி ஏறிப் போய்க் கதவைத் தட்டினார்.

"ஏம்மா, இது நியாயமா? என் ஆளை இப்படி இழுத்துட்டீங்களே!"

"யாரு, நானா?" ஊசி மேடம் இடுப்பில் கை வைத்தார். "முதல்ல கொம்பு வச்சது யாரு? நீங்க வச்ச அன்னிக்கே என் புள்ளி போச்சு. இருந்ததே ஒரே ஒரு ஆளு. அதையும் புடுங்கிக்கிட்டு இங்க வந்து நியாயம் பேசறீங்க!"

"உங்க ஆளு எனக்கு எதுக்கும்மா? எனக்கு என் பொண்ணு போதும். பாவம், நர்சுக்குப் படிக்குது."

"என் பையன் மட்டும் என்ன, சும்மாவா இருக்கான்? பரீட்சைக்குப் படிக்கறான். ராத்திரி எந்நேரம் பாத்தாலும் முழிச்சுக்கிட்டிருப்பான். 'போதும்டா, தூங்குடா'ன்னு நானே சொல்லுவேன்."

மைக் சாருக்கு ராத்திரியில் தூக்கம் வராது. மனைவி போனதிலிருந்தே அப்படித்தான். அந்த நேரத்தில் போனைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். ஆனால் அந்த ஞாபகம் இப்போது எதற்கு? சண்டை அல்லவா முக்கியம்.

"பாத்துக்கறேன்" என்றார்.

"பாருங்க" என்றார் அவர்.

தரை துடைக்கிற குச்சியின் நுனியில் பெட்டியைக் கட்டி பால்கனிக்கு வெளியே நீட்டினார் மைக் சார். மேலிருந்து ஒட்டடைக் குச்சி நீண்டது. இவர் பெட்டியை மொட்டை மாடிக்குத் தூக்கினார். மாலைக்குள் ஊசி மேடத்தின் பெட்டியும் அங்கே வந்துவிட்டது. இவர் தண்ணீர்த் தொட்டி மேல் ஏற்றினார். அந்த வயதில் அந்த அம்மாவும் புடவையைச் செருகிக்கொண்டு தொட்டி மேல் ஏறினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசியில் இரண்டு பெட்டியும் ஒரே தொட்டியின் தலையில், கொம்போடு கொம்பு முட்டிக்கொண்டு நின்றன. புள்ளி இரண்டு பேருக்கும் இல்லை.

வீடு முன்னைவிட மோசமாகிவிட்டது. முன்பெல்லாம் யாரும் வரமாட்டார்கள் என்று தெரியும், பழகிப் போயிருந்தது. இப்போது வந்துகொண்டிருந்த ஒருத்தி வரவில்லை. சாப்பிடப் பிடிக்கவில்லை. நாம் ஏதாவது தப்பாகச் செய்துவிட்டோமா என்று போனைப் பார்த்துக் கேட்டார்.

மூன்றாம் நாள் காலை, அலமாரியிலிருந்து கை ஒலிபெருக்கியை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனார்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு!"

தெரு அப்படியே நின்றது. என்ன இருந்தாலும் குரல் குரல்தான்.

"தினமும் காலையில் வந்துகொண்டிருந்த நமது பெண், சில நாட்களாக வந்து சேரவில்லை. அவர் எங்கிருந்தாலும் உடனடியாக வருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார். யாருக்கும் அவர் மேல் கோபம் இல்லை. ஏற்பட்ட அசௌகரியத்திற்கு வருந்துகிறோம்."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது.

"ஐயோ, பொண்ணு காணாமப் போச்சாம்!" என்று எதிர்வீட்டுக்காரி கத்தினாள். தையல்கடைக்காரர் மிஷினை நிறுத்திவிட்டு ஓடிவந்தார். கூட்டம் கூடிவிட்டது.

"சார், பொண்ணு பாக்க எப்படி இருக்கும்?" என்று கீழேயிருந்து கேட்டார்கள்.

மைக் சார் யோசித்தார். "பச்சையா இருக்கும்" என்றார். "அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

தெரு நாலா பக்கமும் சிதறி ஓடியது. கொஞ்ச நேரத்தில் பச்சைப் புடவை கட்டிய ஒரு பெண்ணைக் கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டார்கள். பாங்கியில் வேலை செய்கிற பெண், பஸ்ஸுக்கு நின்றவள்.

"வீட்டுல கோவிச்சுக்கிட்டு வரலாமாம்மா? பெரியவர் எப்படித் தவிக்கிறார் பாரு!" என்றார் தையல்கடைக்காரர்.

"யோவ், யாருய்யா அந்தப் பெரியவரு? முதல்ல கையை விடு!" என்றாள் அவள். அதற்குமேல் அவள் பேசியதை எழுத முடியாது.

கட்டடத்துச் செயலாளர் அன்றைக்கே 'நம்ம வலை' சங்கத்துக்குப் போன் போட்டார். தொட்டி மேல் ஏறியது, ஒலிபெருக்கியில் கத்தியது, பச்சைப் புடவை, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார்.

மறுநாள் ஏணி வந்தது. ஏணிக்காரர் முகத்தில் சிரிப்பில்லை.

"ரெண்டு பெட்டிக்கும் ஆள் இல்லை. புகார் வேற. ரெண்டையும் கழட்டிட்டு வரச் சொல்லிட்டாங்க சார்."

மைக் சார் தொட்டிக்கும் ஏணிக்கும் நடுவில் போய் நின்றார். "வேணாம்யா. திடீர்னு ஒருநாள் வந்து பாத்து, பெட்டி இல்லைன்னா அந்தப் பொண்ணு என்ன நினைக்கும்? நான் போட்டுட்டுப் போயிட்டேன்னு நினைக்காதா?"

குரல் உடைந்துவிட்டது. அறிவிப்பாளராக இருந்த காலத்தில் ஒருநாளும் உடையாத குரல்.

ஊசி மேடம் சண்டை போடத்தான் மேலே வந்திருந்தார். ஆனால் அதைக் கேட்டதும் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். "எனக்கும் அப்படித்தாங்க" என்றார் மெதுவாக. "காலையில எந்திரிச்சு நேரா பால்கனிக்கு வந்து உக்காந்து போனைத்தான் பார்ப்பேன். ஊசியில்லாமக்கூட ஒருத்தன் நம்மகிட்ட வர்றானேன்னு இருக்கும்." ஏணிக்காரர் பக்கம் திரும்பினார். "வேணும்னா என்னுதைக் கழட்டிக்கங்க. அவருதை விட்டுருங்க."

"அதெல்லாம் வேணாம். அவங்களுது இருக்கட்டும். என்னுதைக் கழட்டு" என்றார் மைக் சார்.

ஏணிக்காரர் இவரைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

"கொம்பு வாங்கறதுக்கு முன்னாடி எந்தப் பெட்டி எங்க இருந்துச்சு?"

சொன்னார்கள். ஏணிக்காரர் இரண்டு பெட்டியையும் இறக்கினார். கொம்புகளைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். ஒன்றைக் கொண்டுபோய் மேல் வீட்டுச் சமையலறை ஜன்னலில் வைத்தார். மற்றதைக் கீழ் வீட்டு பால்கனியில் வைத்தார்.

"இப்ப ரெண்டு பேரும் எப்பவும் உக்கார்ற இடத்துல போய் உக்காருங்க. போன் கையில இருக்கட்டும்."

மைக் சார் பின்னறைக்குப் போய்ச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தார். சாம்பல் வட்டம் அப்படியே இருந்தது. "வந்துரும்மா" என்றார். "ஒரே ஒரு தடவை வந்துட்டுப் போயிரு."

மேலே நாற்காலி 'கர்ர்ர்' என்றது.

புள்ளி எரிந்தது.

"வந்துட்டா! என் பொண்ணு வந்துட்டா!" என்று கத்திக்கொண்டே செருப்புக்கூடப் போடாமல் படிக்கட்டுக்கு ஓடினார் மைக் சார். அதே நேரம் மேலேயிருந்து, "என் பையன் வந்துட்டாங்க!" என்று ஊசி மேடம் இறங்கி ஓடிவந்தார். நடுப்படியில் இரண்டு பேரும் மூச்சிரைக்க நின்று, அவர் போனை இவருக்கும், இவர் போனை அவருக்கும் மாறி மாறிக் காட்டிக்கொண்டார்கள்.

வழியில் நின்ற ஏணிக்காரர் ஏணியைத் தோளில் ஏற்றிக்கொண்டார்.

"கொஞ்சம் வழி விடுங்க. இந்தத் தெருவுல நம்ம வலையில சேர்ந்ததே நீங்க ரெண்டு பேருதான். உங்க நர்ஸ் பொண்ணு இவங்கதான் சார். மேடம், உங்க பரீட்சைப் பையன் இவருதான்."