எண்ணூறு கிராம் குட்டி

நேற்று எண்ணூறு. இன்று ஐந்நூற்றைம்பது.

பழைய பேப்பர் கடைக்காரர் தராசுத் தட்டில் உட்கார்ந்திருந்த பூனைக்குட்டியை முறைத்தார். ஒரே ராத்திரியில் இருநூற்றைம்பது கிராம் எங்கே போகும்?

குட்டி முழுக் கறுப்பு. மருந்துக்குக்கூட வெள்ளை கிடையாது. பேப்பர் கட்டுகளுக்குப் பின்னாலிருந்து அதைக் கண்டெடுத்தவள் அவர் மனைவி. அக்கா வீட்டுக்குக் கிளம்பும்போது விரலை மடக்கி மடக்கிச் சொன்னாள்:

"பல்லு முளைச்சாச்சு. பூனை பிஸ்கட்டைத் தண்ணியில ஊறவெச்சு நாலு வேளை குடுங்க. ஊறவெக்கிற தண்ணிய தினம் கொஞ்சம் குறைங்க. பால் கூடாது, வயித்தால போகும். குடிக்கிற தண்ணி தீனித் தட்டுக்குத் தள்ளியே இருக்கணும். சனிக்கிழமை நான் வர்றப்ப குட்டி இளைச்சிருந்துது, அப்புறம் உங்களுக்கும் நாலு வேளை ஊறவெச்ச பிஸ்கட்தான்."

சொன்னால் செய்கிறவள்.

அவருக்கு முதலில் தராசு மேல் சந்தேகம் வந்தது. நியாயமான சந்தேகம். எடைக்கல் தட்டுக்கு அடியில் இருபது வருஷமாக ஒட்டிக்கொண்டிருந்த காந்தத் துண்டைப் பிடுங்கினார். இனி எடை ஏறித்தான் ஆக வேண்டும்.

மறுநாள் அறுநூறு. ஏறியது ஐம்பதுதான்; மீதி இருநூறு எங்கே?

வாராவாரம் பேப்பர் போடும் அம்மாள்தான், "என்னங்க, எப்பவும் போடற பேப்பர்தான், இன்னிக்கு எடை கூட வருது? தராசு கெட்டுப்போச்சா?" என்றார்.

"ஆமாம்மா, கெட்டுப்போச்சு."

நாலு வேளையை ஆறாக்கினார். குட்டி தட்டை வழித்து நக்கிவிட்டுப் போகும். அவர் இந்தப் பக்கம் திரும்புவதற்குள் மறுபடி வந்து பசி என்று கத்தும். தண்ணீர்க் கிண்ணம் மத்தியானத்துக்குள் வறண்டுவிடும்.

பக்கத்துச் சாவிக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "இவ்ளோ தின்னு, இவ்ளோ தண்ணி குடிச்சும் உடம்பு இறங்குதா? அண்ணே, இது சர்க்கரைதான். எங்க மாமனாருக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது."

"இப்ப எப்படி இருக்காரு?"

சாவிக்கடைக்காரர் ஆகாயத்தைப் பார்த்தார்.

வியாழக்கிழமை குட்டியை அள்ளிக்கொண்டு கால்நடை டாக்டரிடம் ஓடினார். அங்கே எண்ணூற்று எழுபது. "கொழுகொழுன்னு இருக்கு. தீனியக் குறைங்க," என்றார் டாக்டர்.

கடைக்காரர் நம்பவில்லை. ஊருக்கு எடை போட்டவனுக்கு அடுத்தவன் தராசு மேல் நம்பிக்கை வராது. கடைக்குத் திரும்பி, தெம்புக்கு இருக்கட்டும் என்று கொஞ்சம் பாலும் வைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை அறுநூற்றுப் பத்து. கூடவே வயிற்றுப்போக்கு. விடிந்தால் சனிக்கிழமை.

மறுபடி டாக்டர். கடைக்காரர் குட்டியை மேசைமேல் வைத்தார்.

"நேத்து உங்க மெஷின்ல எண்ணூத்தி எழுபது! இன்னிக்குப் போட்டுப் பாருங்க! கண்ணெதிர கரையுது டாக்டர். என் பொண்டாட்டிக்கு நான் என்ன பதில் சொல்றது?"

போட்டுப் பார்த்த டாக்டர் மெஷினை இரண்டு தட்டுத் தட்டினார். அறுநூற்றுப் பத்துதான்.

காய்ச்சல் பார்க்க வாலைத் தூக்கிய உதவியாளர்ப் பெண் நிமிர்ந்தாள்.

"ஐயா, நேத்து நீங்க கொண்டுவந்தது கடுவன் குட்டி. இது பொட்டை."