ஒப்படைக்க ஓர் ஆள்

வேலையை விட்டு விலகுகிறவர், விலகும் எண்ணம் இல்லாத ஒருவரிடம் பொறுப்பை ஒப்படைத்த பிறகே கடைசிச் சம்பளத்துக்கு உரியவராவார் என்பது அந்த அலுவலகத்தின் விதி. நியாயமான விதி. அதை எழுதியவரும் அந்த ஆளைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்.

டைப்பிஸ்டம்மா ராஜினாமா கொடுத்தாள். தங்கையோடு தையல் கடை போடுவதாக ஏற்பாடு; கடைக்கு முன்பணம் இந்தக் கடைசிச் சம்பளம்தான். நோட்டீஸ் காலம் முடிந்தது. பிரிவுபசார விழாவில் எல்லோரும் கண் கலங்கி ஒரு சுவர்க்கடிகாரம் பரிசளித்தார்கள். மறுநாள் அவள் வழக்கம்போல வேலைக்கு வந்து, அதை மாட்டச் சுவரில் இடம் தேடினாள். ஏற்கெனவே தொங்கிய கடிகாரங்கள் ஆளுக்கொரு நேரம் காட்டிக்கொண்டிருந்தன.

கணக்கரிடம் போனாள். "அண்ணே, என் பொறுப்பை நீங்க வாங்கிக்கிறீங்களா?"

"நானே எப்பவோ எழுதிக் குடுத்தவன்மா. அதோ, அந்தப் பச்சைக் கடிகாரம் என்னுது."

காசாளரும் சுவரைக் காட்டினார். காவலாளியும் காட்டினார். மேலாளர் தன் தலைக்கு மேலே காட்டினார். பதவிக்குத் தக்கபடி அவருடையது ஊசல் வைத்தது.

"அப்ப இந்த ஆபீஸ்ல வேலை பாக்குறவங்க யாரு சார்?"

"வேலையை விட்டவங்கதாம்மா."

சொல்லும்போதே அவருக்கு ஒரு யோசனை உதித்தது. "நீ ராஜினாமாவை வாபஸ் வாங்கிக்கோ. விலகாத ஆள் ஒருத்தர் கிடைச்சாச்சு. நாங்க எல்லாரும் உன்கிட்ட ஒப்படைச்சிட்டுக் கிளம்பறோம். அப்புறம் மேலாளரும் நீ, காசாளரும் நீ. உன் ராஜினாமாவுல நீயே கையெழுத்துப் போட்டுக்கோ. யார் கேக்கப்போறா?"

வாபஸ் வாங்கினாள். சாவிகளும் முத்திரைகளும் அவள் மடியில் குவிந்தன. கடைசிச் சம்பளத்தைப் பையிலும் கடிகாரத்தைக் கக்கத்திலும் வைத்துக்கொண்டு எல்லோரும் பள்ளிக்கூடம் விட்டதுபோல் ஓடினார்கள். காவலாளி வாசலில் ஒரு குதி குதித்தார். சுவர் முழுக்க வெளுத்த வட்டங்கள்.

டைப்பிஸ்டம்மா தன் ராஜினாமாவைப் புதிதாக அடித்து, மேலாளர் அறைக் கதவைத் தட்டிக் காத்திருந்தாள். பிறகு நினைவு வந்து, தானே உள்ளே போய் உட்கார்ந்தாள். நாற்காலி சுழன்றது. இரண்டு சுற்றுச் சுற்றினாள். நன்றாகத்தான் இருந்தது. கடிதத்தைப் பிரித்தாள். படிக்கப் படிக்க நெற்றி சுருங்கியது. இருப்பது ஒரே ஆள். அதுவும் திறமையான ஆள். அவளையும் அனுப்பிவிட்டால் அலுவலகம் என்னாவது?

தங்கை கதவருகே எட்டிப் பார்த்தாள். "அக்கா, கடைச் சொந்தக்காரர் முன்பணத்துக்குக் காத்துக்கிட்டிருக்கார். சம்பளம் வாங்கிட்டியா?"

அக்கா தலை நிமிரவில்லை.

"பரிசீலனையில இருக்கு," என்றாள். "நாளைக்கு வாங்கம்மா."