பால் சங்கத்தில் ஒரு சொல்லாராய்ச்சி

"மெர்ஜுன்னா இன்னா செகரட்டரி?" என்று சங்கத்துக்குப் பால் ஊற்ற வந்த கரியன் கேட்டபோது, அறிவுச்செல்வன் லிட்டர் அளவைப் பால் கேனுக்கு மேலே பிடித்துக்கொண்டிருந்தான். அளவு சாய்ந்து, கொஞ்சம் பால் தரையில் சிந்தியது.

செய்தி எப்படி வெளியே போனது என்று அவனுக்கு விளங்கவில்லை. முந்தின நாள் கள்ளக்குறிச்சியிலிருந்து அதிகாரி போனில் பேசும்போது பக்கத்தில் யாருமில்லை. உதவிக்கு இருக்கும் ரம்யா மட்டும் கேன் கழுவிக்கொண்டிருந்தாள். அடுத்தடுத்த ஊருக்கு எதற்குத் தனித்தனிச் சங்கம், உங்கள் சங்கத்தைத் தெற்கேரி சங்கத்தோடு மெர்ஜ் பண்ணிவிடலாம், உறுப்பினர்கள் கருத்தைக் கேட்டு வையுங்கள் என்றார் அதிகாரி. அவசரமில்லை, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார்.

சங்கம் ஒன்றானால் செகரட்டரியும் ஒருவன்தான். தெற்கேரி செகரட்டரி விஜயராகவன் பி.காம். படித்தவன், கம்ப்யூட்டர் தெரிந்தவன். அறிவுச்செல்வனோ திருப்பூர் பனியன் கம்பெனியில் நைட் ஷிப்ட் தாங்காமல் ஓடிவந்தவன். அதற்கு முன்னால் சேலத்தில் ஒரு லாட்ஜிலிருந்து விரட்டப்பட்டவன். போன இடமெல்லாம் தோற்றுவிட்டு, அப்பா விட்டுப்போன இந்த நாற்காலியில் வந்து விழுந்தவன். கல்வராயன் மலைக்கு இந்தப் பக்கம் அவனை மனுஷனாக மதிக்கிற இடம் இந்த ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே மட்டும்தான் இருந்தது.

"மெர்ஜுன்னா ஒன்னா சேர்றது" என்றான், வேண்டா வெறுப்பாக.

வரிசையில் நின்றவர்கள் சேர்வது நல்லதுதானே என்றார்கள்.

அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தம் உண்டா என்று அன்றைக்கு முழுக்கப் போனைத் தடவிக்கொண்டிருந்தான். எங்கோ ஓர் அகராதியில் அது கிடைத்தது. அந்த ஆங்கில வார்த்தை லத்தீனிலிருந்து வந்ததாம். லத்தீனில் அதற்குத் தண்ணீரில் முக்குவது, மூழ்கடிப்பது என்று பொருளாம். அறிவுச்செல்வன் அந்த வரியை மூன்று தடவை படித்தான். வாழ்க்கையில் முதல் தடவையாகப் படிப்பு அவனுக்கு உதவப்போகிறது என்று நினைத்தான்.

மறுநாள் காலை அவனே பேச்சை எடுத்தான். மெர்ஜ் என்றால் சேர்வது என்பதெல்லாம் மேல்பூச்சு, வேரில் அதற்கு மூழ்குவது என்றுதான் அர்த்தம் என்றான். ஒற்றை எருமை வைத்திருக்கும் வெள்ளச்சி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏரி ரொம்பினா கெணறு முழுவுமே, அந்த மாதிரியா தம்பி?" என்று கேட்டாள்.

அதே மாதிரிதான் என்றான். லத்தீன் எந்த ஊர் பாஷை என்று வேடியப்பன் கேட்டார். அங்கேயும் பால் சங்கம் இருந்ததா என்று இன்னொருவர் கேட்டார். ஒவ்வொருவருக்கும் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டியிருந்ததால் லிட்டர் அளவை ரம்யா கையில் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தான். ரம்யாவுக்கு நுரை கழிக்கத் தெரியாது. நுரைக்கென்று ஒவ்வொருவர் கணக்கிலும் கொஞ்சம் குறைத்து எழுதுவது அவன் அப்பா காலத்து வழக்கம். இவள் நுரை அடங்கும்வரை காத்திருந்து அளந்து, உள்ளதை உள்ளபடி எழுதுவாள். போகட்டும், நாற்காலியே போகிற நேரத்தில் நுரையைப் பார்க்க முடியுமா?

அந்த வார்த்தை நன்றாகவே வேலை செய்தது. மூழ்கப்போகிற சங்கத்துக்கு எதற்குப் பால் ஊற்றுவது என்று நாலைந்து பேர் தனியார் வேனுக்குப் போய்விட்டார்கள். பால் வரத்து குறைந்தது. பால் குறைந்த சங்கத்தைத்தான் முதலில் சேர்ப்பார்கள் என்பது அப்புறம்தான் அவனுக்கு உறைத்தது.

ஆகவே மெர்ஜைக் கைவிட்டான். அரசாங்கம் சொல்வது அமால்கமேஷன், அது வேறு என்று மறுநாள் அறிவித்தான். அதன் வேர் கிரேக்க பாஷையில் இருக்கிறது, புண்ணுக்கு இதமாகப் போடும் பற்று என்று அர்த்தம் என்றான். அதோடு நிறுத்தியிருக்கலாம். கேட்பதற்கு ஆள் இருக்கிறது என்ற கிறுகிறுப்பில், பாதரசத்தோடு மற்ற உலோகத்தைக் கலப்பதற்கும் அந்தப் பேர்தான் என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னான்.

சாயந்திரத்துக்குள் பாலில் பாதரசம் கலக்கப்போகிறார்கள் என்று ஊர் பேசியது. கரியாலூரிலிருந்து கரியனுடைய பங்காளி போன் செய்து, பால் குடித்த பிள்ளைகளுக்கு ஒன்றும் இல்லையே என்று விசாரித்தான். சங்கத்தில் தினம் பால் வாங்கும் சின்னசேலம் டீக்கடைக்காரர், இனிமேல் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்.

வீட்டில் அவன் மனைவி சந்தியா பாக்கெட் பாலைக் கத்தரித்துப் பாத்திரத்தில் ஊற்றிக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷமும் கேனில் மிஞ்சுகிற பால்தான் வீட்டுக்கு வரும். இப்போது கேனில் ஒன்றும் மிஞ்சுவதில்லை.

"செகரட்டரி வூட்ல பாக்கெட் பாலு. கடைக்காரன் சிரிக்கறான்" என்றாள். "வாயை வெச்சிக்கினு சும்மா இரேன்."

அவனால் சும்மா இருக்க முடியவில்லை. இருக்கவும் விடவில்லை. காலையில் கதவைத் திறக்கும்போதே ஜனம் உட்கார்ந்திருந்தது. வேனுக்குப் போனவர்கள்கூடத் திரும்பி வந்துவிட்டார்கள். இன்றைக்கு இன்னா வார்த்தை செகரட்டரி என்று கரியன் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டான். ரம்யா கேட்காமலே அளவை எடுத்துக்கொண்டாள். அறிவுச்செல்வன் நாற்காலியை முன்னால் நகர்த்திப் போட்டுக்கொண்டான். திருப்பூரில் மூன்று வருஷத்தில் சூப்பர்வைசர் தவிர யாரும் அவனிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை.

அன்றைக்குப் பயமில்லாத வார்த்தையாக எடுத்தான். கம்பைன். லத்தீனில் இரண்டு இரண்டாகச் சேர்ப்பது என்று பொருள். ஜாயின் என்பதற்கும் நுகத்தடிக்கும்கூட ஒரே வேர் என்றான். ரெண்டு மாட்டை ஒரு நுகத்தில் பூட்டுவது போலத்தான், இதில் பயப்பட ஒன்றுமில்லை.

"பூட்டறது சரி. நம்ம சங்கம் வலத்து மாடா, எடத்து மாடா?" என்றார் வேடியப்பன்.

அவன் யோசிக்காமல் வலத்து மாடு என்றான். அப்படியானால் தெற்கேரிக்காரன் ஒத்துக்கொள்வானா என்று ஒருவர் கேட்டார். ஜோடி சேராத மாட்டைப் பூட்டினால் வண்டி எந்தப் பக்கம் சாயும் என்று இன்னொருவர் கேட்டார். தன் மச்சான் தெற்கேரி என்பதால் அந்த ஊர் மாட்டைக் குறைத்துப் பேசக்கூடாது என்று ஒருவர் எழுந்து நின்றார். அறிவுச்செல்வன் போனைப் பார்ப்பதும் பதில் சொல்வதுமாக இருந்தான். வெளியே பால் டேங்கர் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுக் கிளம்பிப் போய்விட்டது. வெயில் ஏறியதும் கேன் கேனாகப் பால் திரிந்தது.

மதியமே கள்ளக்குறிச்சியிலிருந்து போன் வந்தது. அடுத்த வருஷம் வரைக்கும் காத்திருக்க வேண்டாம், திங்கட்கிழமையே கூட்டம் போட்டு முடித்துவிடுவோம் என்றார் அதிகாரி. அவர் குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் அறிவுச்செல்வனுக்கு அதிகமாக வலித்தது.

திங்கட்கிழமை சங்கத்துக்கு முன்னால் ஷாமியானா போட்டிருந்தது. அதிகாரியோடு விஜயராகவனும் வந்து, இஸ்திரி போட்ட சட்டையோடு ஓரமாக உட்கார்ந்திருந்தான். இன்னும் ஒரு நம்பிக்கைதான் பாக்கி இருந்தது. ஜனம் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் மேலிடம் தொடாது. இத்தனை நாள் வாய் ஓயாமல் கேட்டவர்கள், ஒரு சொல்லின் அடிவேர் வரை தோண்டிப் பார்த்தவர்கள், தன்னைக் கைவிட மாட்டார்கள் என்று நம்பினான். எழுந்து நின்று, மெர்ஜில் தொடங்கி எல்லா வார்த்தைகளின் அர்த்தத்தையும் மறுபடி ஒரு தடவை சொன்னான். எல்லாரும் அடக்கமாகக் கேட்டார்கள். கரியன் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான்.

சேர்க்கலாம் என்பவர்கள் கை தூக்குங்கள் என்றார் அதிகாரி.

எல்லாக் கையும் மேலே போனது. வேடியப்பன் இரண்டு கையையும் தூக்கினார். அதிகாரி எண்ணக்கூட இல்லை. விஜயராகவன் எழுந்து வந்து அறிவுச்செல்வனிடம் சாவிக்காகக் கையை நீட்டினான்.

சாவியைக் கொடுத்துவிட்டு அவன் கூட்டத்தைப் பார்த்து நின்றான். யாரும் முகம் கொடுக்கவில்லை. முன்வரிசையில் இருந்த வெள்ளச்சி மட்டும் அவனை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முழுவிடுவோம்னு சொன்னப்ப நீதான முதல்ல கண்ணத் தொடச்ச" என்றான் அவளிடம். "தெனம் அர்த்தம் கேட்டீங்க. நானும் முழிச்சிக்கினு படிச்சி வந்து சொன்னேன். ஒன்னுமே புரியாமதான் அத்தனை கேள்வி கேட்டீங்களா?"

வெள்ளச்சி முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

"கேள்வி கேட்டாத்தான தம்பி நீ அளவ ரம்யா கையில குடுப்ப? நீ அர்த்தம் சொல்லிக்கினு இருந்த வரைக்கும் இந்த ஊரு மாடெல்லாம் அரை லிட்டரு ஜாஸ்தி கறந்திச்சி."